பாக்கியம் வீட்டில் நான் பார்த்த பாய்லர்

“…அப்ப பிழை விட்டது ஆர்? அந்த மனுசியோ, நீரோ? ரெண்டில ஒண்டைச் சொல்லும். இந்தக் கட்டத்துக்குள்ள ரெண்டு பேரை எழுத இடம் காணாது.”

எங்கள் அலுவலகக் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே இருந்த தலைமைக் கிராணி அம்பலவாணர் இதைச் சொன்னபோது நான் அவருடைய மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மேசைமேல் இரண்டு அறிக்கைகள் கிடந்தன. இரண்டும் நான் எழுதியவை. காஜா பேராங் பகுதியில் துணி வெளுக்கும் பாக்கியம் என்பவர் வீட்டில் நல்ல செம்புப் பாய்லர் ஒன்று இருக்கிறது என்று ஒன்றில் எழுதியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து எழுதிய இரண்டாவதில், அந்த வீட்டில் இருப்பது அடி கழன்ற ஓட்டைப் பாய்லர்தான், புதியது வாங்க உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஒரே வீடு, ஒரே கையெழுத்து. மனிதர் கேட்காமல் இருப்பாரா?

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் பழைய அலுவலகத்தில் வேலை செய்யும் இளையவர்கள் சிலர், போன மாதம் ஒரு கல்யாண விருந்தில் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். “இனிமே வீடு வீடா அலைய வேண்டியதில்ல அங்கிள். உதவி கேக்கறவங்களே வீட்டப் படம் புடிச்சு மனுவோட அனுப்பிட்டாப் போதும்னு பேசிக்கிறாங்க. நல்லதுதானே?” என்று ஒரு பெண் கேட்டாள். “நல்லதுதாம்மா. படத்துல இருக்கற சாமான் யாரோடதுன்னு யார் கேப்பா?” என்றேன். சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. சாப்பிட்டு முடிவதற்குள் பாக்கியம் வீட்டுக் கதையைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

நான் படித்தது தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. அதற்குமேல் கற்றதெல்லாம் கருவாடு மடித்து வந்த ஆங்கிலப் பத்திரிகைகளில்தான். இன்றைக்கும் சில ஆங்கிலச் சொற்களைப் பார்த்தால் எனக்குக் கருவாட்டு வாசம் அடிக்கும். வீடு செமாபோக் என்ற கிராமத்தில், எங்கள் பேச்சில் கம்பத்தில். மலாய் மொழி, கம்பத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடியதில் வந்தது. சீனர்களின் ஹொக்கியன் மொழி, பாசார்ச் சந்தையில் கூடை தூக்கியதில் வந்தது. நலத்துறை அலுவலகத்தில் கோப்புத் தூக்கும் பியூனாகச் சேர்ந்தேன். மொழிபெயர்ப்பவர் காய்ச்சலில் படுத்த அன்று “நீ போய் நில்லு” என்றார்கள். அந்த ஒரு நாள் மூன்று வருடமானது. மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டில் என்னை வீட்டு விசாரணைக் கிராணியாகப் போட்டார்கள். ஒரு வருடம் பரீட்சைக் காலம். தப்பில்லாமல் ஓட்டினால் நிரந்தரம். தப்பு விழுந்தால் மறுபடியும் கோப்புத் தூக்க வேண்டியதுதான்.

அந்த வேலை எனக்குப் பிடித்துப் போனதற்குச் சம்பளம் காரணமில்லை. ஜனங்கள் பேசுவதைக் கேட்கலாம், அதற்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்? சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். யார் என்ன சொன்னாலும் அன்றைக்கே எழுதிவிடுவேன். கிளேபாங் என்ற ஊரில் ஒருவரிடம் “எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டேன். “சோத்துக்கு ஒம்பது, ஸ்கூலுக்கு ரெண்டு” என்றார். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு பாட்டியிடம் வயதைக் கேட்டதற்கு, “சப்பான்காரன் வந்தப்ப எனக்குப் பல்லு இருந்திச்சு. அதுலேருந்து கணக்குப் போட்டுக்க” என்றார். இதற்குமேல் துல்லியமாக எந்தப் பிறப்புச் சான்றிதழ் பேசும்?

அம்பலவாணருக்கு இந்தத் துல்லியம் போதாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அவர் அறையில் எதிர் நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் ஆள் கதை பேச ஆரம்பித்துவிடுவான் என்பது அவர் கணக்கு. காலையில் வந்ததும் இரண்டு பென்சில்களைச் சீவுவார்: சந்தேகத்துக்கு நீலம், மறுப்புக்குச் சிவப்பு. நம் அறிக்கையை நாமே நின்றபடி வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்பார். தூங்குகிறாரோ என்று நினைத்து ஒரு வரியைத் தாண்டினால், “அதையும் வாசியும்” என்பார். எப்படித்தான் தெரியுமோ.

முதல் வாரத்தில் ஒரு வீட்டைப் பற்றி ‘மிகவும் ஏழ்மையான வீடு’ என்று எழுதியிருந்தேன். கண்ணைத் திறந்தார்.

“‘மிகவும்’ எத்தினை அடி நீளம்?”

நான் கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தேன்.

“கூரையில எத்தினை ஓட்டை? அரிசிப் பானையில எத்தினை சுண்டு அரிசி கிடக்கு? உதுகளை எழுதும். ஏழையோ பணக்காரனோ எண்டதை நான் பாத்துக்கொள்ளுறன். அது உம்மட வேலையில்லை.”

அன்றிலிருந்து நான் எதைப் பார்த்தாலும் அளப்பேன். கையில் மடக்கு அடிக்கோல். ‘சோத்துக்கு ஒம்பது’ என்பதையும் அறிக்கை ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். நீலப் பென்சிலால் அடித்தார். அடிக்கும்போது தோள் லேசாகக் குலுங்கியது. அது சிரிப்பா இருமலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் தலைமைக் கிராணியாகவே ஓய்வு பெற்றார். அதற்குமேல் போயிருக்க வேண்டிய மனிதர். இந்த விஷயம் நடந்தபோது, மாடியில் மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்கே திரும்பிப் போகும் ஏற்பாட்டில் இருந்தார். யாரை உயர்த்துவது, யாரை இருந்த இடத்தில் விடுவது என்று பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த சமயம். அலுவலகம் முழுக்க எல்லோரும் சட்டையைக்கூட யோசித்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

விசாரணைக்கு ஒரு முறை இருந்தது. மூன்று நாள் முன்னதாகக் கடிதம் போகும்: இன்ன தேதி, இன்ன நேரம், அதிகாரி வருவார். போன வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பாரம் என்ற அச்சுப் படிவத்தில் இருக்கிற கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். அரிசிக்கு உதவி வேறு, தொழில் சாமானுக்கு உதவி வேறு. இந்த இரண்டாவது நிதி இருப்பது ஊரில் பலருக்குத் தெரியாது. முடி வெட்டுகிறவரின் கத்தி, தையல்காரரின் மிஷின், தள்ளுவண்டி என்று, பிழைப்புக்கான சாமான் உடைந்துபோனால் புதியது வாங்கிக்கொடுக்கும் நிதி. நிபந்தனை ஒன்றுதான்: பழையது பழுது பார்க்க முடியாத நிலையில் இருப்பதை அதிகாரி கண்ணால் பார்த்து எழுத வேண்டும்.

பாக்கியத்தின் மனு இந்த நிதிக்குத்தான் வந்தது. ஒரு நர்ஸ் விடுதியின் படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் அவர் வீட்டில்தான் வெளுப்புக்கு வரும். எல்லாம் வெள்ளை. சோடா போட்டுக் கொதிக்க வைத்தால்தான் விடுதி மேட்ரன் ஏற்றுக்கொள்வார். அதற்காக வீட்டின் பின்னால், செங்கல் அடுப்பின்மேல் அகலமான செம்புத் தொட்டி. பக்கத்தில் புகை போகத் தகரக் குழாய், அடியில் தண்ணீர் திறந்துவிடக் குழாய். அதைத்தான் பாய்லர் என்பார்கள். அதன் அடிப்பாகம் தீயிலும் சோடாவிலும் அரித்துப்போய், பற்றுவைத்த இடமே மறுபடியும் பிட்டுக்கொண்டுவிட்டது. அந்த மாத முடிவுக்குள் ஒழுங்காகக் கொதிக்கவைத்த துணி வராவிட்டால் வேலையை டவுனில் இருக்கும் லாண்டரிக் கடைக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேட்ரன் சொல்லிவிட்டார். அந்த ஒரு வேலைதான் குடும்பத்தின் சோறு. புருஷன் காளிமுத்து மரம் ஏற்றும் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனவர். உட்கார்ந்தபடி இஸ்திரி போடுவார். வேலை போனால் இருவரும் அவருடைய அண்ணன் இருக்கிற ரப்பர்த் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

எங்களிடம் வருவதற்குமுன் அந்த அம்மா ஏறாத படியில்லை. கோயில் கமிட்டித் தலைவர், “கல்யாணம்னா குடுப்போம், சாவுன்னா குடுப்போம். பாய்லருக்குன்னா எந்தப் பக்கத்துலம்மா எழுதறது?” என்றாராம். வட்டிக்கடைக்காரர் ஈடு என்ன என்று கேட்க, இவர் “வாங்கப் போற பாய்லருதான்” என்று சொல்ல, அவர் சிரித்து, வெற்றிலை கொடுத்து அனுப்பிவிட்டாராம். செம்பு வேலை செய்யும் கடையின் முதலாளியான சீனத் தவுக்கே மட்டும், பாதிப் பணம் கையில் வந்தால் வேலையை ஆரம்பிக்கிறேன் என்றிருக்கிறார். கடைசியில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்தான் எங்கள் நிதியைப் பற்றிச் சொல்லி மனுவும் எழுதிக் கொடுத்தார்.

இதையெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டேன். முதல் தடவை போனபோது எனக்குத் தெரிந்தது மனுவில் இருந்த நான்கு வரிதான்.

கடிதத்தில் சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சைக்கிளை நிறுத்தினேன். பலகை வீடு. கூடத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று, சுவரோரம் கண்ணாடி டம்ளர் அடுக்கிய சின்ன அலமாரி. தரையில் காளிமுத்து கரி இஸ்திரிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க ஐயா, வாங்க. ஒக்காருங்க” என்றார் பாக்கியம். “குடிக்கத் தண்ணி ஏதாச்சும்…”

“குடிக்கக் கூடாதுக்கா. ரூல்ஸ்.”

“பச்சத் தண்ணிக்குமா ரூல்ஸு?” என்றார் காளிமுத்து. “அப்ப மழையில சைக்கிள் ஓட்டினா வாய மூடிக்கிட்டுத்தான் வரணும் போல.”

“நீங்க செத்த சும்மா இருங்க” என்று பாக்கியம் அதட்டினார்.

நாற்காலியில் உட்கார்ந்து பாரத்தை முடித்தேன். பிறகு பின்கட்டுக்குப் போனோம். அங்கே செங்கல்மேல் நின்றது பாய்லர். புளி போட்டுத் தேய்த்த செம்பு, முகம் பார்க்கலாம். குழாயின் கைப்பிடி மயில் தலை மாதிரி. மேலே மஞ்சள் குங்குமம்கூட வைத்திருந்தார்கள். அடிக்கோலை எடுத்தேன். உயரம் மூன்றடி. வாய் ஏழு அங்குலம். குழாய் ஒன்று. வாளித் தண்ணீர் ஊற்றிக் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் நின்றேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

“நல்லா வெச்சிருக்கீங்கக்கா” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துபோனது. “எந்தச் சாமானக் குடுத்தாலும் இப்படித்தாங்க ஐயா வெச்சிக்குவோம்.”

கூடத்திலிருந்து காளிமுத்து, “ஐயா, அந்தப் பாய்லரு…” என்று ஆரம்பித்தார்.

“பொட்டி ஆறிப்போவுது, நீங்க தேயுங்க” என்று பாக்கியம் குரல் கொடுத்தார். அவர் நிறுத்திக்கொண்டார். நானும் நிற்கவில்லை, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

சைக்கிள் மிதித்துக்கொண்டே மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். இருப்பதை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்கு ஆசைப்படுகிறார்கள் என்று. ஆளைப் பார்த்ததும் எடைபோட்டுவிடுவேன் என்று அந்த வயதில் எனக்கு ஒரு நினைப்பு. அறிக்கையை நின்று வாசித்தேன். அம்பலவாணர் கண்ணை மூடிக் கேட்டார். சிவப்புப் பென்சிலை எடுத்தார். ‘தேவை நிரூபிக்கப்படவில்லை’ என்று கடிதம் போனது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து பாக்கியம் இருந்த சந்திலேயே ஒரு பெரியவருடைய உதவி மனு. அன்று சடக்கில் பாதித் தூரம் வரும்போதே மழை பிடிக்கும் போலிருந்ததால் வேகமாக மிதித்து, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டேன். சந்து முனையில் திரும்பினால், ஒரு நாற்காலி நடந்து போகிறது! இரண்டு பெண்கள் அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டுக் கொல்லையிலிருந்து இன்னொரு வீட்டுக் கொல்லைக்கு ஓடுகிறார்கள். பின்னால் ஒருத்தி மடியில் கண்ணாடி டம்ளர்களோடு.

என்னைப் பார்த்ததும் மூவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் நாற்காலியைப் பார்த்தேன். இடது கைப்பிடியில் பிரம்பு விட்டுப்போய், நீலக் கயிறு சுற்றியிருந்தது. அந்தக் கயிறு என் முழங்கைக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சந்தில் ஆறு வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஆறு வீட்டிலும் நான் உட்கார்ந்தது இதே நாற்காலி!

அப்போதுதான், மக்சிக், அதாவது அத்தை, என்று சந்தே கூப்பிடும் லெச்சுமி வாசலில் இறங்கி வந்தார். அந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருந்து தமிழை மறந்துபோன பழைய தமிழ் வம்சமான சிட்டிக் குடும்பத்து அம்மா. பெயர் லெச்சுமி, நெற்றியில் திருநீறு, உடுத்துவது மலாய்ப் பெண்களின் கெபாயா, பேசுவது மலாய். நாற்காலி அவருடையதுதான். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

“என்னப்பா முறைக்கிறே? இந்த வருசம் குடியுரிமைக்கு ஒருத்தன் வந்தான், ஓட்டுக்கு ஒருத்தன் வந்தான், கொசு மருந்துக்கு ஒருத்தன் வந்தான், இப்போ நீ. வீட்டுக்கு ஒரு நல்ல நாற்காலிக்கு எங்கே போறது? நின்னுக்கிட்டே எழுதறவன் அவசரமா எழுதுவான். அவசரமா எழுதறவன் நம்ம பேரைத் தப்பா எழுதுவான். அதுக்குத்தான் உட்கார வைக்கிறோம்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவருடைய வாசலைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. உறவில் கல்யாணமாம், வாசலில் விருந்துக்கு எடுத்து வைத்த சாமான்களோடு ஒரு செம்புப் பாய்லர். குழாயில் மயில் தலை.

“இது…” என்றேன்.

“கல்யாணத்துக்குக் காப்பித் தண்ணி போடற பாய்லர். ஏன், நீதான் அன்னைக்குப் பத்து நிமிசம் நின்னு பார்த்தியாமே?”

பெரியவர் வீட்டை முடித்துக்கொண்டு நேராகப் பாக்கியம் வீட்டுக்குப் போனேன். கடிதம் அனுப்பவில்லை, அதனால் நாற்காலியும் வந்திருக்கவில்லை. பின்கட்டில் மூன்று அடுப்பில் மூன்று சோற்றுப் பானை. ஒவ்வொன்றிலும் ஒரு விரிப்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாக்கியம் கழியால் கிண்டிக்கொண்டிருந்தார். புறங்கை முழுக்க வெந்நீர் பட்டுச் சிவந்த கொப்புளங்கள்.

“உங்க பாய்லர் எங்கக்கா?”

அவர் மூலையில் கிடந்த சாக்கை விலக்கினார். அகலமான செம்புத் தொட்டி. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது அடியில் என் விரல் மூன்று நுழைந்தது. ஓரம் அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

“இத ஏங்க அன்னிக்குக் காட்டல?”

“எப்படிக் காட்டறது தம்பி?” ஐயா போய்த் தம்பி ஆகியிருந்தேன். “பொண்ணு பாக்க வர்றவங்க முன்னால கிழிஞ்ச சீலையோடயா நிப்பாங்க? ஓட்டையக் காட்டினா, உள்ளதையே இப்படிப் பாழாக்கினவளுக்குப் புதுசக் குடுத்தா அதையும் பாழாக்குவான்னு நெனைப்பீங்கல்ல? சாமான நல்லா வெச்சிக்கிறவன்னு தெரிஞ்சாத்தானே குடுப்பீங்க? அதுக்குத்தான் மக்சிக்கிட்ட எரவல் வாங்கி, ராத்திரி பூரா தேய்ச்சு வெச்சேன்.”

“நான் அப்பவே சொன்னேன்” என்றார் காளிமுத்து உள்ளேயிருந்து. “வைத்தியர் வர்றாருன்னு நல்லா இருக்கற ஆளக் கட்டில்ல படுக்க வெச்சிட்டியேன்னு.”

“நீங்க அதுலேயே இருங்க.” பாக்கியம் என் பக்கம் திரும்பினார். “தேவையில்லன்னு கடுதாசி வந்திச்சு தம்பி. தேவையில்லாமயா நாலு வாசப்படி ஏறினேன்? பானையில வெச்சா துணி பழுப்பாவே வருது. மேட்ரன் போன வாரம் பாதிய திருப்பிட்டாங்க. இன்னும் ஒம்பது நாளு இருக்கு. அப்புறம் தோட்டந்தான்.”

“தோட்டத்துக்குப் போனா இவ பால்மரம் வெட்டுவா” என்றார் காளிமுத்து. “நான் என்னத்த தேய்க்கிறது? ரப்பர் ஷீட்டையா?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை நோட்டில் எழுதவும் அன்றைக்கு எனக்குக் கை வரவில்லை.

பின்னால் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் தவிக்க வேண்டாம். மாத முடிவுக்கு முதல் நாள் சீனத் தவுக்கேயின் கடையிலிருந்து புதிய பாய்லர் கைவண்டியில் காஜா பேராங்குக்கு வந்து இறங்கியது. சந்தே கூடி நின்று பார்த்தது. மேட்ரன் அதற்குப் பிறகு ஒரு துணியையும் திருப்பவில்லை. காளிமுத்து கடைசிவரை அந்த வீட்டில்தான் இஸ்திரி போட்டார். என் வேலையும் நிரந்தரமானது; முப்பது வருடத்துக்குமேல் அதே வேலையில் ஊரைச் சுற்றினேன். எந்த வீட்டுக்குப் போனாலும் “இது யாரோடது?” என்று கேட்டுவிட்டுத்தான் அடிக்கோலை எடுப்பேன். பலபேர் சிரிப்பார்கள். சிலபேர் கொல்லைப் பக்கம் பார்ப்பார்கள். அங்கேதான் என் விசாரணை ஆரம்பமாகும்.

ஆனால் அம்பலவாணர் மேசைக்கு முன்னால் நின்ற நேரத்தில் இதில் எதுவும் எனக்குத் தெரியாது. மறுத்த மனுவை மறுபடி திறக்க ஒரு தனிப் பாரம் உண்டு. அதில் ‘பிழைக்குப் பொறுப்பானவர்’ என்று ஒரு கட்டம். மனு கொடுத்தவர் பெயர் அதில் விழுந்தால், அதிகாரியை ஏமாற்றியவர் என்று ஆகிவிடும். அப்புறம் எந்த உதவியும் கிடையாது. அதிகாரி பெயர் விழுந்தால் மனு திறக்கும், பெயர் மாடிக்குப் போகும். எனக்குப் பரீட்சைக் காலம் முடிய இரண்டு மாதம் இருந்தது.

“நான்தான் ஐயா” என்றேன்.

“ஏன்?”

“அது யாரோட பாய்லர்னு நான் கேக்கவே இல்ல. அவங்களும் எங்களோடதுன்னு ஒரு வார்த்த சொல்லல. இருந்திச்சு, நான் எழுதிட்டேன்.”

“கேட்டிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பாவோ?”

“அது தெரியாதுங்க ஐயா. ஆனா வீட்டுக்காரரு சொல்ல வந்தாரு. நான் நிக்கல.”

அவர் என் முதல் அறிக்கையை எடுத்தார். வாசிக்கச் சொல்லவில்லை, பென்சில் முனையை ஒவ்வொரு வரியாக நகர்த்தித் தானே வாசித்தார். ஓரிடத்தில் பென்சில் நின்றது.

“படுக்கை விரிப்பு எத்தினை அடி?”

“ஏழடி இருக்குங்க ஐயா.”

“ஏழங்குல வாய்க்குள்ளால ஏழடி விரிப்பை எப்பிடிப் போட்டு எப்பிடி எடுக்கிறது? இடியப்பம் மாதிரிப் பிழிஞ்சோ?”

“அது காப்பித் தண்ணி போடற பாய்லருங்க ஐயா. கலியாண வீட்டுக்கு…”

“அது உமக்கு இப்பத்தான் தெரியும். அண்டைக்கே நீர் அளந்திருக்கிறீர். எழுதியிருக்கிறீர். வாய் ஏழங்குலம் எண்டு என்ர முன்னால நிண்டு வாசிச்சும் இருக்கிறீர். அளக்கிறது உம்மட வேலை. கேக்கிறது ஆரின்ர வேலை?”

அவர் அறிக்கையைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தனிப் பாரத்தை இழுத்தார்.

பேனாவை மையில் தோய்த்தார். கட்டத்தில் நிதானமாக எழுதினார். எதிரில் நின்ற எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது: தன் முழுப் பெயர், அதன் கீழே ‘தலைமைக் கிராணி’. மை ஒற்றும் தாளை வைத்து அழுத்தினார்.

“ஐயா, மாடியில லிஸ்ட்டு…” என்று வாயெடுத்தேன்.

“உம்மை ஒருத்தரும் கேக்கேல்லை.”

கோப்புத் தூக்கிப் பழகிய கை, தானாகவே நீண்டது. அவர் கோப்பை என்னிடம் தரவில்லை. நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய கோட்டை எடுத்துப் போட்டார். மூன்று பொத்தானையும் பூட்டினார். கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏறிப் போனார்.